கிழக்குப் பார்த்த கழுதை

கோயிலுக்குச் சாமி செய்துகொடுத்தால் சனம் கும்பிடும். சந்திக்குச் சிலை செய்துகொடுத்தால் அதே சனம் சண்டைக்கு வரும். பொதுவேலை செய்து ஊர் வாயில் விழுந்தவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு விளங்கும்.

நான் உடப்பு ஆள். சீமெந்தில் சிலை செய்வது தொழில். கொத்தனாரைக் கூப்பிடுவது போல என்னையும் எல்லாரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு சுற்றுவட்டத்துக்குச் சிலை வேண்டுமென்று அந்த ஊர்ப் பிரதேச சபைத் தவிசாளர் கூப்பிட்டார். "சாமியும் வேணாம், மனுசரும் வேணாம் பாஸ். ஒருத்தருட மனசும் நோகாத ஒண்டு செஞ்சு தாங்க."

முகம் எந்தப் பக்கம்?

இந்தப் பக்கம் ரோட்டு முழுக்கக் கழுதைதானே! கழுதையே செய்தேன். கோபுர உச்சியில் இருக்கிற என் வேலையை அண்ணாந்து பார்க்க ஆளில்லை. இதையாவது நாலு பேர் நேருக்கு நேர் பார்க்கட்டும் என்று ஆசை ஆசையாய்ச் செய்தேன். காது மடல், பிடரி மயிர், ஒன்றும் விடவில்லை. ஆனால் கோயில் வேலைக்காரன் புத்தி போகுமா? சாமியை வைக்கிற பழக்கத்தில் கழுதையையும் கிழக்குப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

திறப்பு நாளில் சீலையை இழுத்ததும் ஊரே கைதட்டியது. மேற்கே, ஹார்ட்வெயார் கடை வாசலில் நின்ற ஹாஜியார் மட்டும் தட்டவில்லை. சிலைக்குச் சீமெந்து முழுக்க இனாமாய்த் தந்த மனுசர். "பாஸ், சீமெந்து தந்த எனக்குத்தானா பின்பக்கம்?"

கலியாணப் படம்

மண் அள்ளுகிற பெக்கோ மெசின் பிடித்துத் திருப்பினோம். முகம் ஹாஜியாருக்கு, பின்பக்கம் எதிரே கலியாண மண்டபத்துக்கு. அந்தக் கிழமையே அங்கே ஒரு கலியாணம். வாசலில் மாப்பிள்ளையும் பொண்ணும் நின்ற படம் எல்லாவற்றிலும் இருவர் தலைக்கும் நடுவில் கழுதையின் வால்! மாப்பிள்ளையின் தாய் என் சட்டையைப் பிடிக்காத குறை. "என்ட மகனைக் குத்திக் காட்டத்தானே இப்படி நிக்க வெச்சீங்க?"

தராசு

சரி, முகம் கிடைத்த ஹாஜியாராவது சந்தோசப்பட்டாரா? கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தார். "இது என்ட தராசையே பார்த்துக்கிட்டு ஈக்குது பாஸ். ஒரு ஆணி கூடக் குறைச்சு நிறுக்க ஏலுதில்ல."

உப்பளத்து விருந்தாளிகள்

மறுபடியும் பெக்கோ. இந்த முறை முகம் உப்பளத்துப் பக்கம். பின்பக்கம் திரீவீல் தரிப்பிடத்துக்கு. திரீவீல்காரர்கள் சிரித்ததோடு விட்டுவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தேன். உப்பளத்தில் மேய்ந்த ஆண் கழுதை ஒன்று என்ன மயக்கத்திலோ வந்து, என் கழுதையோடு மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. அதன் பின்னால் மற்றவையெல்லாம் வந்தன. பஸ் போக வழியில்லை. டிரைவர் இறங்கி வந்து கத்தினார். "எது சீமெந்து, எது நிசமெண்டே தெரியுதில்ல பாஸ், எல்லாம் ஒரே மாதிரித்தான் நிக்குது!"

என் வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். ஆனால் தவிசாளருக்குப் பொறுமை போய்விட்டது. "மூடுங்க. சனிக்கிழமை உடைப்போம்."

படங்கு

நீலப் படங்கால் மூடினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போர்த்திக் கிடத்தின மாதிரி இருந்தது. சனிக்கிழமை பெக்கோ உறுமத் தொடங்கியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாஜியார் ஓடி வருகிறார்! நேரே பெக்கோவுக்கு முன்னால் போய் நின்றார்.

"முதல் முறைப்பாடே உங்கடதானே ஹாஜியார்?" என்றார் தவிசாளர்.

"அது நிண்ட நேரம் சனம் அதைப் பார்த்துச் சிரிச்சிச்சு. மூடினதும் 'கழுதையோட கோவிச்ச ஹாஜியார்' எண்டு என்னைப் பார்த்துச் சிரிக்குது. உடைக்காதீங்க! பின்பக்கத்தை என்ட பக்கமே திருப்பி வைங்க. முகம் மட்டும் வேணாம்!"

இவ்வளவுக்கும் பிறகு கழுதை முதல்நாள் போலவே கிழக்குப் பார்த்து நிம்மதியாக நிற்கிறது. நாலு திசையும் சுற்றிய களைப்பு முழுக்க எனக்குத்தான்.