ஸ்டெப்னி தாங்கியும் அப்பாவின் தூக்குக்குண்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், வெல்டர் இருந்தார். பக்கத்து வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருந்தார். இருக்க வேண்டியவர் ஒருவர்தான் இல்லை: ஜீப்பின் சொந்தக்காரர், என் மாமா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கனகசெட்டிக்குளத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.

மில்லில் ஆள் குறைத்தபோது கைக்கு வந்த பணம் முழுவதையும் கொட்டி மாமா அந்தப் பழைய ராணுவ ஜீப்பை ஏலத்தில் எடுத்திருந்தார். மூன்று மாதம் அது எங்கள் வாசலில் நின்று கோழிகளுக்கு நிழல் கொடுத்தது. பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அப்புறம்தான் வீராம்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒரு அம்மாள் வழி காட்டினார். மணலில் இறங்கி ஏற ஜீப்தான் தோது. தினமும் காலையில் எட்டுக் கூடை பெரிய மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். ஸ்டெப்னி கட்டாயம் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும்வரை மீன் காத்திருக்காது. திங்கட்கிழமை ஒரு நடை பார்ப்பேன், சரிப்படவில்லை என்றால் டெம்போக்காரனுக்குச் சொல்லிவிடுவேன் என்றார்.

சிக்கல் அந்த ஸ்டெப்னியில்தான். உள்ளே கிடத்தினால் இரண்டு கூடைக்கான இடத்தை அது அடைத்துக்கொண்டது. பக்கவாட்டில் மாட்டலாம் என்றால் தகடு துருப்பிடித்து அப்பளமாகியிருந்தது. பின்னால் மாட்டினால் கூடைகளை ஏற்ற வழி இல்லை. ஆகவே கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு தாங்கி வேண்டும். தட்டாஞ்சாவடி பட்டறையில் நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள்.

“நூத்தம்பதா? ஒரு கதவு மாட்டவா? இந்த ஊர்ல எத்தினி கதவு மாட்டிக் குடுத்துருக்கேன் நானு!” என்றார் அப்பா. அப்பா கொத்தனார்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது பாலிடெக்னிக்கில் முதல் வருடம். சார்ட் பேப்பரில் மூன்று பக்கத் தோற்றமும் வரைந்து, அளவு குறித்து, மூலையில் கையெழுத்தும் போட்டேன். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று சாந்துச் சட்டிக்கு அடியில் விரித்தார்.

கீல் அப்பா கொண்டுவந்தது. கடலோரத்தில் வெள்ளைக்காரர் காலத்து வீடு ஒன்றை இடித்தபோது, அதன் பெரிய கேட்டிலிருந்து கழற்றிய கீலும் தாழ்ப்பாளும். பழைய இரும்புக் கடைக் குழாயை ஜீப்பின் இடது பின்மூலையில் நிறுத்தி, அதில் கீலைப் பற்றவைக்க வேண்டும். குழாய் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று என் பாடப் புத்தகமும் சொன்னது. அப்பா பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளைக் குண்டு அது.

நூலைப் பிடித்தேன். குண்டு ஆடி நின்றது. அப்பா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் நூல் போல… இன்னும்… ஆங், வைப்பா!” என்றார். வெல்டர் வைத்தார்.

அப்போது மதில்மேலிருந்து சொல்தா, “வண்டியே சாஞ்சில்ல நிக்குது?” என்றார்.

உண்மைதான். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க அப்பா வாசலில் செங்கல் கப்பி கொட்டி மேடாக்கியிருந்தார். ஜீப்பின் இடது சக்கரங்கள் மேட்டில், வலது சக்கரங்கள் கீழே ரோட்டில்.

“சாஞ்சா வண்டி சாயும். குண்டு சாயாது,” என்றார் அப்பா. “நான் வச்ச செவுரு ஒண்ணு சாஞ்சிருக்கா?”

நான், படித்தவன், அப்பாவின் மட்டப்பலகைமேல் கோணமானியை வைத்துப் பார்த்து, “கரெக்ட்டா தொண்ணூறு டிகிரிப்பா” என்றேன். டயர் வட்டமாக இருந்ததால் மாட்டிய பிறகும் கோணல் யார் கண்ணுக்கும் படவில்லை. ஒரு விரலால் தள்ளினால் திறந்தது, ஒரு விரலால் மூடியது. சாயங்காலம் வந்த மாமா பத்து தடவை திறந்து மூடினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது.

திங்கட்கிழமை விடியலில் மாமா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கிளம்பினோம். வண்டி மேட்டைவிட்டு இறங்கிச் சமதரைக்கு வந்து நிமிர்ந்ததும் குழாய் இடப்பக்கம் சாய்ந்தது. முதல் பள்ளத்தில் தாழ்ப்பாள் எகிறியது. ஸ்டெப்னி அதுவாகத் திறந்து, இடது கை காட்டுவதுபோல ரோட்டோரத்துக்கு நீண்டது. எங்களுக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் கூவியபோதுதான் தெரிந்தது. கடையின் மூங்கில் காலும், அதில் தொங்கிய வாழைத்தாரும் எங்களோடு வந்துகொண்டிருந்தன.

“மாமா, நிறுத்து!”

“இன்னாடா?”

“வாழத்தாரு!”

“வரும்போது வாங்கிக்கலாம்டா, இப்ப நேரமாச்சு!”

அவருக்கு விளங்கவைப்பதற்குள் டீக்கடைக்காரர் ஓடிவந்து சாவியைப் பிடுங்கிவிட்டார். தார் இனி விற்பனைக்கு ஆகாது, எங்களுடையதுதான் என்று தீர்ப்பாயிற்று. நசுங்காத பாதியைப் பின்னால் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மீன் ஏலக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்து வண்டியைச் சுற்றி வந்தார். “இன்னா தம்பி, பழத்தோட வந்துருக்கீங்க? பொண்ணு பாக்கவா?”

மாமா அவசரமாகக் கூடை வைக்கும் இடத்தைக் காட்டினார். “அக்கா, எட்டுக் கூடையும் புடிக்கும்க்கா. பாருங்க.”

ஏற்றினார்கள். எட்டும் பிடித்தது. அம்மாள் ஸ்டெப்னியைத் தள்ளி மூடினார். அது திரும்பி வந்து அவர் இடுப்பில் இடித்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது.

“தள்ளத் தள்ள வருதே, எங்க வூட்டுக்காரன் மாதிரி!”

கூடை தூக்குகிற பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்காய்கள் எழும்பின. மாமா தலையைக் குனிந்துகொண்டார். டெம்போக்காரன் பெயரைத்தான் அடுத்து சொல்லப்போகிறார் என்று நானும் மணலைப் பார்த்தேன்.

“ஆனா ஒண்ணு,” என்றார் அம்மாள். “அந்த டெம்போ கதவு இந்தக் காத்துல ஏத்தறப்பல்லாம் மூடிக்கும். ஒரு ஆளு புடிச்சிக்கினே நிக்கணும். இது தொறந்தா தொறந்தபடி நிக்கிது. ரெண்டு மொழம் கயிறு இருந்தா மூடிக் கட்டிக்கலாம். நாளைக்கும் வந்துரு தம்பி. பழம் வேணாம்.”

மாமா மார்க்கெட் வரைக்கும் ஹாரனைக் காரணமில்லாமல் அடித்துக்கொண்டே வந்தார்.

மார்க்கெட்டின் சிமென்ட் தரையில் நிறுத்தி, என் பையிலேயே தங்கிவிட்ட குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். குழாய் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து, படம் வரைந்து, அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“வாசல்ல நிறுத்திப் பாரு. இப்பவும் நேராத்தான் நிக்கும்,” என்றார். “ஊர்ல ரோடு சரியில்லன்னா நான் இன்னா பண்றது?”

அதைத் திருத்தவே இல்லை. பட்டறையில் கேட்ட நூற்றைம்பதை மிச்சம் பிடித்த கணக்கு இது: குழாய் நாற்பத்திரண்டு ரூபாய், வெல்டருக்கு ஐம்பது, மூங்கில் காலுக்கு இருபது, வாழைத்தாருக்கு நாற்பத்தைந்து, அம்மாள் சொன்ன கயிறு ஆறு. ஆக மொத்தம் நூற்று அறுபத்து மூன்று ரூபாய்.