வலக்கையில் பார்த்த நாடி

மார்கழி மாதம். திருச்சி ஜங்ஷன் வாசலில் கம்பளி விற்கும் திபெத்துக்காரர்களோடு அவர்கள் வைத்தியரும் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ரீரங்கம் பெருமாளைச் சேவிக்க வந்த நான், இரண்டு மாதமாகத் தூக்கமில்லாததால், அவரிடம் இடக்கையை நீட்டுகிறேன். பெண்களுக்கு எங்கள் வையம்பட்டி வைத்தியர் அதில்தான் நாடி பார்ப்பார். இவரோ வலக்கையைக் கேட்கிறார். மூன்று விரல் வைத்து இந்தியில் ஏதோ சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் போர்ட்டர் அதைத் தமிழில் சொல்கிறார்.

“உடம்புல காத்து மேல ஏறிடுச்சாம் ஆத்தா. தூக்கம் வராதாம், பெருமூச்சு வருமாம்.”

நான் வாயே திறக்கவில்லை, அத்தனையும் சரி.

“மருந்து என்னங்க?”

“சூடா எலும்பு சூப்பு குடிக்கணுமாம். பிரியமானவங்களோட உக்காந்து பேசணுமாம். அப்படி யாரு இருக்காங்க?”

“ஸ்ரீரங்கத்துல தங்கச்சி இருக்கா. சண்டை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. அவதான் வந்து பேசணும்.”

போர்ட்டர் அதைச் சொன்னதும், வைத்தியர் விரலை எடுக்காமலே சிரிக்கிறார்.

“இப்ப காத்து இன்னும் ஏறுதாம் ஆத்தா.”

பெருமாளை அப்புறம் சேவிக்கலாம். முதலில் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறுகிறேன்.