ரத்தத்தில் ஏறிய புளிப்பு

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவளிடம் சொல்லிவிட்டுத்தான் எந்த வியாதியும் உள்ளே போகும். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என் பாடு புரியும். "ரெஸ்ட் எடும்மா" என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். பழவேற்காட்டில் இந்தக் கிளினிக்கை விட்டால் எனக்குப் பொழுது போக வேண்டுமே!

ஆப்ப சோடா

கோட்டைக்குப்பம் தேசப்பன் மீன் பிடிக்க ஏரிக்குப் போகும்போது வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடிப்பான். கரைக்கு வந்ததும் நெஞ்சு எரியும். உடனே ஆப்பத்துக்குப் போடும் சோடாவைத் தண்ணீரில் கலக்கி மடக்கென்று குடித்துவிடுவான். தலைசுற்றல், வாந்தி என்று வந்து நின்றபோதுதான் இந்த வைத்தியம் வெளியே வந்தது.

"ரத்தம் தராசு மாதிரிப்பா. ஒரு பக்கம் புளிப்பு, அதான் ஆசிட்; ஒரு பக்கம் சோடா. நீ தினமும் சோடாவா கொட்டினா சாஞ்சிடும்" என்றார் டாக்டர்.

தேசப்பனுக்கு மனசு ஆறவில்லை. வெளியே வந்து என்னிடம் நியாயம் கேட்டான்: "சட்டியில போட்டா கறையே பூடுது, வயித்துல போட்டா இன்னாக்கா தப்பு?"

பழ வாசனை

கொஞ்ச நாள் கழித்து அதே தேசப்பன், படகில் தன்னோடு வரும் ஏழுமலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஏழுமலையின் மனைவி கௌரி. ஏழுமலைக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். விடியற்காலையிலிருந்து வாந்தி, வயிற்று வலி. ஓடி வந்தவன் போல ஆழமாக மூச்சு வாங்கினான். வாயிலிருந்து அழுகப்போகிற பழம் மாதிரி ஒரு வாசனை.

வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டாம்பா" என்று ஒருவர் முணுமுணுத்தார். கௌரி துடித்துப்போனாள். "என் வூட்டுக்காரரு தொட்டதுகூட இல்லீங்க!"

டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை மெஷின் எண்ணே காட்டவில்லை, அளவுக்கு மேல் போய்விட்டது. "இது சாராயம் இல்ல. இன்சுலின் வேலை செய்யல, ரத்தத்துல புளிப்பு ஏறிடுச்சு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலைன்னா உசுருக்கு ஆபத்து" என்று ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஊசியைத் தவறாமல் போட்டதாகக் கௌரி சத்தியம் செய்தாள்.

வரிசையில் கூடையோடு இருந்த மீன்காரம்மா முணுமுணுத்தவரை ஒரு பார்வை பார்த்தார்: "நாள் பூரா மீன் நாத்தத்துல கெடக்கற எனக்கே தெரியுது இது சாராயம் இல்லனு. உன் மூக்குக்கு மட்டும் எல்லாமே சாராயமா அடிக்குதே, அவ்ளோ பழக்கமாய்யா?"

இரண்டு மூச்சு

ஆம்புலன்ஸ் வரும்வரை உள்ளே ஏழுமலைக்குச் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் கௌரி அவனைவிட வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தாள். உதடு மரத்துவிட்டது என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைவிரல்கள் கொக்கி போல மடங்கிக்கொண்டன.

எனக்கு ஜெபம் தவிர வேறென்ன தெரியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அருள்நிறைந்த மரியே" என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவளுக்கு அந்த ஜெபம் தெரியாது. நான் ஒரு வரி சொல்லி நிறுத்த, அவள் "அங்காளம்மா" என்று மூச்சு விட்டாள். இப்படியே மாதாவும் அங்காளம்மாவும் மாறி மாறி வந்ததில் மூச்சு நிதானத்துக்கு வந்தது, விரல்களும் விரிந்தன.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அவர் ஏறிப்போன புளிப்பை வெளியே தள்ள மூச்சு வாங்கறாரு. நீ பயத்துல வாங்கி, இருக்க வேண்டிய புளிப்பையும் ஊதித் தள்ளிட்டம்மா."

கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவராண்ட ஜாஸ்தி, என்னாண்ட கம்மினா, ரெண்டையும் கொட்டி சமபங்கு போட முடியாதா சார்?"

பத்திரமான இடம்

பெரிய ஆஸ்பத்திரியில் ஏழுமலை கண் விழித்துவிட்டான் என்று சேதி வரும்வரை என் கையிலிருந்து ஜெபமாலை இறங்கவில்லை. சேதி வந்த பிறகு டாக்டருக்கு ஒரே குடைச்சல். ஊசி போட்டும் ஏன் வேலை செய்யவில்லை? "மருந்தை எங்கப்பா வச்சீங்க?" என்று தேசப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்கதானே ஜில்லுனு வைக்கச் சொன்னீங்க? அவன் வூட்ல ஃபிரிட்ஜ் ஏது? படகு ஐஸ் பெட்டியில, எறாவுக்குக் கீழ, ஐஸுல கல்லுப்பு தூவிப் பொதைச்சு வச்சோம். கல்லு மாதிரி ஆயிடும். கையில வச்சுத் தேய்ச்சுத்தான் போடுவான்."

உப்புப் போட்ட ஐஸில் உறைந்துபோனால் இன்சுலின் கெட்டுவிடுமாம். அவன் போட்டுக்கொண்டதில் மருந்தின் சக்தியே இல்லை. டாக்டர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜில்லுனு வைனு சொன்னேன். எவ்வளவு ஜில்லுனு சொல்லலையே, தேசப்பா."

திரும்பி வந்தவன்

ஏழுமலை பாதி உடம்பாக வந்தான். மருந்தை இனி ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைக்கவேண்டும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உடம்பு தேறினதும் ஏரிக்குப் போகலாம், ஆனால் தனியாகப் போகக்கூடாது என்றார். ஏழுமலையின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. கௌரி மட்டும் சிரிக்கவில்லை. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "தனியா எங்க போறது? பானை போற படகுல நானும் போறேன் சார்."

இப்போது ஊசி மருந்து வாங்குகிற ஒவ்வொருவரிடமும் "எங்கே வைப்பீங்க?" என்று கேட்கும் வேலையும் எனக்குத்தான். வருகிற பதில்களைக் கேட்டால், ஜெபமாலையைக் கீழே வைக்கவே தைரியம் வரவில்லை.