வராதவர் நிற்கும் விசிடி

யாரும் சீந்தாத விசிடி, லேசர் டிஸ்க், அவற்றை ஓட்டும் பெட்டிகள் எல்லாம் சேர்ப்பது என் பைத்தியம். "வீட்டைக் காயலான் கடை ஆக்கியாச்சு" என்று மனைவி புலம்பாத நாளில்லை. திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் மூன்று தட்டு விசிடி பிளேயர் சும்மா கிடப்பதாக நண்பர் சொன்னதும், போன சித்திரையில் கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர். காலை பத்து மணி பஸ் பிடித்தேன். வழியெல்லாம் ஆற்றுப் பாலங்கள், கீழே வெறும் மணல். இறங்கி ஆட்டோ எடுத்தால், அறுத்துக் காய்ந்த வயல்களுக்கு நடுவே தனியாக ஒரு மாடி வீடு.

"குவைத்துக்காரர் வீடு. கட்டுன மனுசன் உள்ள கால் வைக்கவே இல்லைங்க," என்றார் ஆட்டோக்காரர். குடும்பம் குடிபோன சில மாதத்தில் அவர் குவைத்திலேயே இறந்து, அங்கேயே அடக்கமாம்.

வீட்டில் அவர் மனைவி ஜைத்தூன் அம்மாவும் மகள் நஸீமாவும் இருந்தார்கள்.

"பொட்டிய சும்மாவே எடுத்துக்கங்க சார். உள்ள மாட்டியிருக்க டிஸ்க்க மட்டும் ஒருதடவ ஓட்டிக் காட்டிருங்க," என்றாள் நஸீமா. "புதுவீடு குடிவந்தப்ப எடுத்தது. அத்தா என் கையப் புடிச்சு மாடி ஏத்துனாங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

"மூணு வயசுல என்னடி ஞாபகம்? அவங்க வரவே இல்ல தம்பி. சொன்னா கேக்க மாட்டேங்குறா," என்றார் அம்மா.

அப்பாவைப் பற்றி அவளிடம் இருப்பது இந்த ஒரு ஞாபகம்தான். அதையும் நான் பறித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் விறைத்துப் போயிருந்தது. மாற்றி, லென்ஸைத் துடைத்தேன். படம் ஓடியது. கூடம் நிறைய விருந்தாளிகள். நடுவில் வெள்ளைச் சட்டையில் சிரித்தபடி ஒருவர்.

"பாத்தீங்களாம்மா, அத்தா!" என்று கத்தினாள் நஸீமா.

அடுத்து சமையலறை. அங்கேயும் அவர். அதே சட்டை, அதே சிரிப்பு. கண் இமைக்கவே இல்லை. பால் பாத்திரத்தோடு போன பெண் அவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தாள். பிளேயரை நிறுத்தக் கை நீட்டினேன். பிறகுதான் உறைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்களின் படத்தை ஸ்டுடியோவில் இப்படி ஒட்டிக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம்.

"நான்தான் போட்டோ குடுத்து சேக்கச் சொன்னேன். அவங்க பாத்தா சந்தோசப்படுவாங்கன்னு," என்று அம்மா அழுதார். நஸீமா திரைக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கடைசியாகப் படிக்கட்டு வந்தது. குட்டி நஸீமா ஒரு கையை உயரத் தூக்கி, யாருடைய விரலையோ பிடித்ததுபோல ஏறுகிறாள். அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் யாருமில்லை. அந்த இடத்தில் மட்டும் ஸ்டுடியோக்காரர் படம் ஒட்டவில்லை.

"திரும்பப் போடுங்க தம்பி," என்றார் அம்மா. எத்தனை முறை போட்டேனோ, தெரியாது.

பழைய பிளேயர் தேடிப் போகிறவர்கள் மாற்று பெல்ட் கையோடு கொண்டுபோங்கள். சித்திரை வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் அவசியம். உள்ளே டிஸ்க் மாட்டியிருந்தால், வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பிளேயரை நான் எடுத்து வரவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். காய்ந்த துணி எடுக்க ஜைத்தூன் அம்மா மாடி ஏறிக்கொண்டிருந்தார். சுவரோரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஏறினார்.