அப்பாவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தேவை

போன திங்கட்கிழமை எனக்கு ஒரு கண்டிப்பு வந்தது. இன்டர்நெட் வழியாக. ரொம்ப மரியாதையாக.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இன்டர்நெட்டில் இருக்கிறதே... அதில் ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரிக்கும் ஒரு பக்கம் உண்டு. 'இங்கே இன்றுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை' என்று அதில் ஒரு வரி.

அந்த டேனரியின் கழிவுத்தொட்டியில் இறங்கித்தான் அப்பா செத்தார். நாலு மாதம் ஆகிறது.

நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பவன். அந்த வரியை அழித்தேன். அப்பா பெயரைப் போட்டு, நடந்ததை எழுதினேன். திருத்தத்துக்குக் காரணம் கேட்டது. 'நான் அவர் மகன்' என்று அடித்தேன். ஒன்பதாவதோடு நின்றவன்... கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

பத்தே நிமிடம். பழைய வரி திரும்பி வந்துவிட்டது. கூடவே, முகம் தெரியாத ஒரு திருத்துநரின் குறிப்பு: 'வருந்துகிறோம். இறந்தவர் உங்கள் தந்தை என்பதால் நீங்கள் எழுதினால் நடுநிலையாக இருக்காது. சம்பந்தமில்லாத ஒருவர் எழுதட்டும்.'

சரி, பழைய வரியை எழுதிய அந்த நடுநிலையாளர் யார்?

நான்தான்.

போன வருஷம் டேனரி மேனேஜர் எங்கள் சென்டருக்கு வந்தார். "நம்ம கம்பெனியப் பத்தி நல்லதா நாலு வரி அடிச்சுப் போடுப்பா. ஒரு விபத்தும் இல்லன்னு போடு."

"என் பேர்லதான் சார் வரும். பரவால்லியா?"

"அதாண்டா வேணும். எம்பேர்ல போட்டா எவன் நம்புவான்?"

கூலி, ஒரு பிளேட் பிரியாணி. பாதியைப் பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். "இன்னாடா விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே அப்பா சாப்பிட்டார்.

இதையும் திருத்துநருக்கு எழுதினேன், பிரியாணி உட்பட. இப்போது அந்தப் பழைய வரியையும் எடுத்துவிட்டார். நியாயஸ்தர்!

அன்றிலிருந்து சம்பந்தமில்லாத ஆளைத் தேடுகிறேன். ஆம்பூரில்! டீ மாஸ்டரின் மச்சான் அதே டேனரி. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவைக் கேட்டேன். "எங்கூட்டுக்காரரும் அங்கதானேடா? பேஜாராயிடும்பா, வுட்டுடு."

அம்மா தினமும் கேட்கிறாள்: "அப்பா பேரு வந்துச்சாடா?"

"இல்லம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னு இருந்துச்சே... அது போச்சு."

நேற்று திரும்பவும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எங்கும் அப்பா இல்லை. திருத்தியவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, முன்னால் இன்ஷியலோடு. அந்த ஒரு எழுத்து அப்பா. அதை இன்னும் யாரும் அழிக்கவில்லை.