நட்டநடு சோபா

கட்டடத்தில் அவருக்குப் பெயர் பூகம்பம். முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் பூகம்பம். ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று நாளைக்கு நாற்பது முறை சொல்வார். ஊரார் காதையெல்லாம் அளந்து சீட்டு எழுதிக் கொடுத்த அந்த மனிதருக்குச் சொந்த வீட்டில் ஒரே ஒரு குறைதான். பாட்டின் அடியில் அதிரும் கனத்த ஓசை, அதாவது பேஸ், போதவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சப்வூஃபர் வாங்கினார். கூடத்து மூலையில், அரிசி மூட்டை உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் விளக்கம் ஆரம்பித்துவிடும்.

"கிராஸ்ஓவர்னு ஒண்ணு உள்ள இருக்கு. அதுதான் மேஸ்திரி. எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற கனமான ஓசையெல்லாம் பெட்டிக்கு. மேல இருக்கிறது சின்ன ஸ்பீக்கருக்கு. அவனவன் வேலையை அவனவன் பார்ப்பான்."

"வீட்டு வேலைக்கு அப்படி ஒரு மேஸ்திரி கிடைப்பாரா?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்பாள். அந்த அம்மாள் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து பாத்திரம் தேய்ப்பவள். அவர் சிரித்துவிட்டு அடுத்த பாட்டைப் போடுவார்.

சோபாவை இஞ்சு டேப் வைத்து அளந்து, கூடத்தின் நட்டநடுவில் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து கண்ணை மூடினால் பாடகி வருவாள், வயலின் வரும், பேஸ் மட்டும் வராது. எழுந்து போய்க் குமிழைத் திருகுவார். வந்து உட்காருவார். மறுபடி எழுவார். இப்படியே இரண்டு வருடம். அவர் திருகத் திருக, கீழ்வீட்டு அக்காவின் கண்ணாடி அலமாரி நடுங்கியது. எதிர்வீட்டு மீன்தொட்டியில் மீன்கள் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டன. இவருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. புகார் சொல்ல வந்தவர்களிடம், "பேஸே இல்லைங்க, உங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். காது நிபுணரிடம் யார் வாதாடுவது?

கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் காகிதம் அனுப்பினார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நேரில் வந்து கேட்பார். தொந்தரவு உண்மையென்றால் ஒரு வாரத்தில் பெட்டி வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அன்றிலிருந்து பூகம்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் துடைத்த துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார் என்று மனைவி பின்னால் சொன்னாள்.

ஞாயிறன்று செயலாளர் வந்தார். கூடவே கீழ்வீட்டு அக்கா. மரியாதைக்காகச் செயலாளரைத் தன் சோபாவிலேயே உட்காரவைத்தார் பூகம்பம். அக்கா வாசல்படியோடு நின்றுகொண்டாள். வழக்கமான அளவில் பாட்டு ஓடியது. செயலாளர் தலையைச் சாய்த்து முழுப்பாட்டையும் கேட்டார்.

"இதுக்கா புகார்?" என்றார். "சன்னமா, ரேடியோ மாதிரில்ல இருக்கு. சார், நீங்க தாராளமா வச்சுக்கங்க."

அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் பெட்டி பிழைத்திருக்கும். ஆனால் ரேடியோ என்ற சொல் மனிதரைச் சுட்டுவிட்டது.

"ரேடியோவா? எந்திரிங்க சார். இங்க உக்காந்தா வராது. அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை அடுக்களைக்குக் கூட்டிப்போய்த் பாத்திரம் தேய்க்கும் தொட்டியருகே நிறுத்தினார். தானும் பக்கத்தில் நின்றார். குடியேறி எத்தனையோ வருடமாகியும் அந்த இடத்தில் அவர் நின்றதே இல்லை. தட்டுகள் கிணுகிணுத்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மெத்தையைத் தட்டுவதுபோல் இறங்கியது பேஸ். வட்டமாக, ஆழமாக, அவர் கனவு கண்ட அதே பேஸ்.

"கேக்குதா? கேட்டா கையைத் தூக்குங்க" என்றார், தொழில் பழக்கத்தில்.

செயலாளர் தூக்கினார். வாசலில் அக்கா தூக்கினாள். தேய்த்துக்கொண்டிருந்த மனைவியும் நுரை வழிய ஒரு கையைத் தூக்கினாள்.

பெட்டியோடு வந்த புத்தகத்தை மனைவி அன்றைக்குத்தான் பிரித்தாள். சுவர்களில் மோதித் திரும்பும் கனத்த ஓசை அறையின் நட்டநடுவில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், அங்கே இருக்கை போடாதீர்கள் என்று இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. விவரம் தெரிந்தவர் என்பதால் பூகம்பம் இருபதாம் பக்கத்திலிருந்து படித்திருந்தார்.

செயலாளர் நல்ல மனிதர். பெட்டி இருக்கலாம், குமிழ் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். கால் பங்கில் சோபாவுக்கு ஒன்றும் வராது. சோபாவைச் சுவரோரம் தள்ளலாம் என்றால், அங்கே மனைவியின் மேசை இருக்கிறது. அதை நகர்த்தும் பேச்சுக்கே இடமில்லை என்றாள். தொட்டியருகே மட்டும் பேஸ் மெல்லிசாக, சுத்தமாகக் கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பாட்டைப் போட்டுவிட்டு அங்கே போய் நின்றார். கண்ணை மூடினார். இரண்டு வருட ஏக்கம் தீர்ந்தது.

"சும்மாதானே நிக்கிறீங்க" என்று மனைவி தேய்க்கிற நாரை அவர் கையில் வைத்துவிட்டு, சோபாவில் போய் உட்கார்ந்தாள். அங்கே நிம்மதியாக இருந்தது.