பால் சேராத பழனிமுத்து

பாலாபிஷேகம் காணும் சாமியின் பெயரைச் சுமந்தும் பழனிமுத்துவுக்குப் பால் சேராது. அரை டம்ளர் போதும், வயிறு ஊதி, இரைந்து, அவரைக் கொல்லைக்கு விரட்டிவிடும். ஆனால் அவர் பிழைப்பே பாலில்தான். கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் சின்னச் சீஸ் கூடத்தில் ஆட்டுப்பாலை உறையவைத்து, வடித்து, உப்புத் தடவி, அலமாரியில் அடுக்குபவர் அவர்தான். தினமும் வில்பட்டியிலிருந்து வருவார்.

ஊர் ஊராகச் சுற்றி எங்கும் நிலைக்காமல் அங்கே வந்து ஒட்டிக்கொண்டவள் நான். ஆட்டுப்பால் சீஸ் என்றால் எந்த வயிற்றுக்கும் ஆகும் என்று சுற்றுலா வருபவர்கள் அவர்களாகவே நம்பி வாங்குவார்கள். நாங்களும் திருத்துவதில்லை. உண்மையில் ஆட்டுப்பாலிலும் வயிற்றைக் கலக்கும் பால் சர்க்கரை உண்டு. மாதக்கணக்கில் கிடந்து இறுகிய சீஸில்தான் அது இல்லை என்னும் அளவுக்குத் தேய்கிறது. புதுச் சீஸ் தின்ற அன்று பழனிமுத்து வில்பட்டி பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி இறங்கி ஓடினார். பழைய சீஸ் தின்ற அன்று ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

பழனிமுத்துவின் மனைவி கண்மணியின் அண்ணன் சேனாதிபதி, பூண்டு விவசாயி. சில வருடங்களுக்கு முன் சேனாதிபதியின் புதுவீட்டில் பால் காய்ச்சியபோது, கையில் கொடுத்த பாலைப் பழனிமுத்து நைசாகச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். மச்சான் பார்த்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. கண்மணிக்குப் பிறந்த வீட்டு வாசலும் அடைபட்டது.

இப்போது பழனிமுத்துவே வீடு கட்டிவிட்டார். கண்மணி அழுது அழைத்ததில் அண்ணன் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு: "மாப்ள என் கண்ணு முன்னால குடிக்கணும்."

நானும் போயிருந்தேன். பால் பொங்கியதும் கண்மணி இருவருக்கும் டம்ளரை நீட்டினாள்.

"ஆறுறதுக்குள்ள வெரசாக் குடிங்க."

பழனிமுத்து டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"மச்சான், இதும் பாலுதான். நானே பல மாசம் காத்த பாலு."

"என்ன மாப்ள, சோப்புக் கட்டியா?"

"ஆட்டுச் சீஸு. இது ஆகும், அது ஆகாது. அன்னைக்கும் அதான் சங்கதி."

"ஊரே குடிக்குது. ஒங்க வயித்துக்கு மட்டும் தனிச் சட்டமோ?"

பழனிமுத்து என்னைப் பார்த்தார். பெரியவர்கள் பலருக்குப் பால் செரிக்காது, அது குறையில்லை என்றேன். சேனாதிபதி நான் சொன்னதைக் கொஞ்சம் அதிகமாகவே உற்றுக் கேட்டார்.

"அது இருக்கவனுக்கு எப்படித்தா இருக்கும்?"

"வயிறு ஊதும். இரையும். அப்புறம் ஓட்டம்தான்," என்றேன்.

சேனாதிபதி வாய் வைக்காத தன் டம்ளரையும் திட்டில் வைத்தார். சீஸில் ஒரு துண்டு கிள்ளி மென்றார். முகம் கோணியது.

"கெடா வாடை அடிக்குது." விழுங்கினார். பிறகு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். "மாப்ள, அன்னைக்கு நீங்க குடிக்கலன்னு எனக்குக் கோவமில்ல. நான் குடிச்சுத் தொலைச்சேனேன்னுதான். என் வீட்டு விசேசத்துல பாதி நேரம் நான் பூண்டுக் காட்டுலதான் கெடந்தேன்."

கண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடப்பாவிகளா! இதுக்கா எனக்குப் பொறந்த வீடு இல்லாமப் போச்சு?"

திட்டில் இருந்த இரண்டு டம்ளரையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல் அவளே குடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.